எதிராளி புஷ் செய்யும் பந்தை டாப்ஸ்பின் அடித்தால் ஏன் வலையிலேயே விழுகிறது? டேபிள் டென்னிஸில் இதை எப்படிச் சரிசெய்வது?

எதிராளி பிளாக் செய்யும் (உங்கள் அடியைப் பேட்டால் தடுத்துத் திருப்பும்) பந்தை நன்றாக அடிக்கிறீர்கள், புஷ் (பந்தின் அடிப்பக்கத்தை உரசித் தள்ளிவிடும் பந்து) மட்டும் வலையில் விழுகிறது என்றால் இரண்டுக்கும் ஒரே வீச்சை வீசுகிறீர்கள் என்று அர்த்தம். கையில் வேகம் கூட்டினால் இது சரியாகாது.

புஷ் பந்து பேக்ஸ்பின்னோடு, அதாவது பின்னோக்கிய சுழற்சியோடு வரும். அந்தப் பந்தில், உங்களைப் பார்த்திருக்கும் பக்கம் கீழிருந்து மேலாகச் சுழல்கிறது. பேட்டின் ரப்பர் அதைப் பற்றியதும் பந்து கீழே இறங்கும். பேட் அந்தச் சுழற்சியைவிட வேகமாக மேலே போனால்தான் பந்து எழும்பும். இதில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. நீங்கள் திருப்பி அனுப்பும்போது அதே திசைச் சுழற்சி டாப்ஸ்பின், அதாவது முன்னோக்கிய சுழற்சி, ஆகிவிடுகிறது. எதிராளி போட்ட சுழற்சியோடு உங்களுடையதும் சேரும். அதனால் கனமான (சுழற்சி அதிகமான) புஷ்ஷைக் கண்டு பயப்பட வேண்டாம், நல்ல லூப்புக்கு (பந்தை உரசித் தூக்கும் டாப்ஸ்பின் அடிக்கு) அதுதான் தீனி.

வலது கைக்காரர் என்றால் வலது காலைச் சற்றுப் பின்னால் வையுங்கள். கால்களுக்கு இடையே தோள் அகலத்தைவிடக் கூடுதல் இடைவெளி வேண்டும். முழங்காலை மடக்கி, இடுப்பை வலப்பக்கம் திருப்பி, உடல் எடையை வலது காலில் ஏற்றுங்கள். பேட் வலது முழங்கால் அருகே இறங்கட்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: உடம்பை இறக்காமல் வலது தோளை மட்டும் சாய்த்துக் கையைத் தொங்கவிடுவார்கள். அப்படிச் செய்தால் தூக்கும் வேலை முழுவதும் தோளில் விழும். பந்தும் எழும்பாது, நாளடைவில் தோளும் வலிக்கும். தூக்குவது வலது காலின் வேலை. கால் நிமிர, இடுப்பு திரும்ப, கடைசியில்தான் முன்கை சுண்ட வேண்டும். அதுவரை பிடி தளர்வாகவே இருக்கட்டும். பேட் நெற்றி உயரத்தில் நின்றால் போதும், இடது தோளைத் தாண்டிச் சுற்ற வேண்டியதில்லை.

பந்து உச்சிக்குப் போய் லேசாக இறங்கத் தொடங்கும்போது தொடுங்கள். பேட் கிட்டத்தட்ட நேராக, மேல் விளிம்பு மட்டும் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தால் சரி. பந்தின் பின்பக்க நடுவை உரசி மேலே இழுக்க வேண்டும். 'டொக்' என்று மரம் சத்தம் போட்டால் உரசாமல் அடிக்கிறீர்கள்; அந்தப் பந்து மேஜையைத் தாண்டி ஓடும். ஆனால் 2014க்கு முந்தைய வீடியோக்களைப் பார்த்து மெல்லிய உரசலையே நம்பாதீர்கள். அந்த ஆண்டு செல்லுலாய்டு போய்ப் பிளாஸ்டிக் பந்து வந்தபின் சுழற்சி சற்றுக் குறைந்துவிட்டது. ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் வரை பந்து கொஞ்சம் அழுந்தும்படி தொடுவதே இப்போது பலன் தரும்.

எல்லாப் புஷ்ஷும் ஒரே கனம் இல்லை. எதிராளியின் பேட் பந்துக்கு அடியில் வேகமாகவும் மெல்லிதாகவும் போனால் கனம், சும்மா தட்டினால் லேசு. பந்தின் லோகோ தெளிவாகத் தெரிந்தால் சுழற்சி குறைவு. அப்போது பேட்டை இன்னும் சாய்த்து முன்னோக்கி இழுங்கள்.

பயிற்சிக்கு ஒரு கூடைப் பந்து போதும். நண்பர் ஒரே இடத்துக்கு நீளமான பேக்ஸ்பின் போட, 20 பந்து பாதி வேகத்தில் லூப் செய்யுங்கள். வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் போகட்டும், வலையே 15.25 செ.மீ.தான், அதை உரசிக்கொண்டு போக வேண்டிய அவசியமில்லை. விழுந்த பந்து முன்னால் பாய்ந்தால் சுழற்சி ஏறியிருக்கிறது. இது கைவந்ததும் ஒரு பேக்ஸ்பின், அடுத்து ஒரு பிளாக் என்று மாறி மாறிப் போடச் சொல்லுங்கள். பிளாக்குக்குப் பேட்டை இடுப்பு உயரத்துக்கு மேல் வைத்து, நன்றாகச் சாய்த்து, உச்சியிலேயே முன்னோக்கி அடிக்க வேண்டும். முதல் லூப்புக்குப் பிறகு பேட்டை மறுபடி முழங்காலுக்கு இறக்கினால் இரண்டாவது பந்து பறந்துவிடும். ஆட்டத்தில் புள்ளி கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது அடியில்தான்.

ரப்பரையும் பாருங்கள். பந்தை அதில் லேசாக அழுத்தி இழுத்தால் பிடிக்க வேண்டும். வழுக்கினால் ஈரத் துணியால் துடைத்துக் காயவைத்து மறுபடி பாருங்கள். அதன்பிறகும் வழுக்கினால் ரப்பரை மாற்றுங்கள். கற்கும் நிலையில் 1.8 முதல் 2.0 மி.மீ. ஸ்பாஞ்ச் போதும்.