குண்டுப் பூனைக்கு எடை குறைக்கறது எப்படி? உங்க கேள்விகளுக்கு பதில்

இந்த வாட்டி வந்த கேள்விங்கள்ல முக்காவாசி பூனை எடை பத்திதான், அதனால எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டேன்.

டாக்டர், எங்க ஆண் பூனை 6.8 கிலோ. நாட்டுப் பூனைதான், குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சு, ஃப்ளாட்ட விட்டு வெளிய விடறதில்ல. வயிறு தொங்குது. ட்ரை ஃபுட் கிண்ணம் எப்பவும் ஃபுல்லாதான் இருக்கும், அதுவா வேணும்கறப்ப சாப்பிடும். (வேளச்சேரி)

வயிறு தொங்கறத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, பின்னங்காலுக்கு முன்னாடி தோல் பை மாதிரி தொங்கறது ஒல்லிப் பூனைக்கும் இருக்கும். விலா எலும்பு மேல கைய வச்சு லேசா தடவுங்க, அழுத்தாமலே எலும்பு தட்டுப்படணும், மேலருந்து பாத்தா இடுப்பு கொஞ்சம் உள்வாங்கி தெரியணும். ரெண்டும் இல்லன்னா எடை ஜாஸ்திதான், நாட்டுப் பூனைக்கு 6.8 ரொம்பவே ஜாஸ்தி.

ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்புக்கு தேவைப்படற கலோரி குறையும், ஆனா பசி கூடும், அந்த நேரத்துல கிண்ணம் எப்பவும் நிறைஞ்சே இருந்தா என்ன ஆகும்னு நீங்களே பாக்கறீங்க. உங்க பூனைக்கு 5 கிலோ இலக்குன்னு வச்சுக்கிட்டா, எடை குறைய ஒரு நாளைக்கு சுமார் 185 கலோரிதான் குடுக்கணும். பாக்கெட்ல 100 கிராமுக்கு 380 கலோரின்னு போட்டிருந்தா மொத்தமே 50 கிராமுக்குள்ள வரும். கப்புல அளக்காதீங்க, கிச்சன் தராசுல கிராம் கணக்கா நிறுத்து காலைலயே ஒரு டப்பால போட்டுடுங்க, நாள் பூரா அதுலருந்து மட்டும் நாலஞ்சு தடவையா பிரிச்சு குடுங்க, ட்ரீட் குடுத்தாலும் இதே கணக்குலதான், பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது.

ஒரே நாள்ல இந்த அளவுக்கு இறக்கிடாதீங்க, ரெண்டு மூணு வாரத்துல மெதுவா கொண்டு வாங்க. சாதா சாப்பாட்டையே ரொம்ப குறைச்சா புரோட்டீன் பத்தாம சதை கரையும், அதனால எடை குறைக்கறதுக்குன்னே வர்ற உணவுக்கு மாறறது நல்லது, வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியிலயோ உங்க டாக்டர்கிட்டயோ காட்டி ரத்தமும் பாத்துட்டு ஆரம்பிங்க. வாரத்துக்கு 35லருந்து 70 கிராம் குறைஞ்சா போதும். அப்படின்னா ஆறேழு மாசத்துக்கு மேலயே ஆகும், பரவால்ல, அவசரமே வேண்டாம்.

டயட் ஃபுட் மாத்தி ரெண்டு நாளாச்சு, மோந்து பாத்துட்டு போயிடுது. பசிச்சா தானா சாப்பிடும்னு வீட்டுக்காரர் சொல்றார். (பெரம்பூர்)

இதப் படிச்ச உடனே பழைய சாப்பாட்ட வைங்க. அதுவும் தொடலன்னா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. நாய்க்கு சொல்றத பூனைக்கு சொல்லவே கூடாது. குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா உடம்புல இருக்கற கொழுப்பு மொத்தமா ஈரலுக்கு வந்து சேந்து ஈரல் வேலை செய்யறத நிறுத்திடும். காது உள்பக்கம், ஈறு மஞ்சளாகுதுன்னா நிலைமை முத்திடுச்சுன்னு அர்த்தம், உயிரே போகலாம். குணமானப்புறம் புது உணவ பழையதோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து, அளவ கூட்டிக்கிட்டே வாங்க.

மாமியார் தினமும் பாலும் தயிர் சாதமும் வைக்கறாங்க, சொன்னா மனசு கஷ்டப்படறாங்க. (மயிலாப்பூர்)

அவங்க பாசத்த தப்பு சொல்ல முடியாதுங்க. ஆனா 4 கிலோ இலக்கு வச்சிருக்கற பூனைக்கு ஒரு நாள் கணக்கே 160 கலோரிக்குள்ளதான், ஃபுல் கிரீம் பால் 100 மில்லிலயே 80க்கு மேல போயிடும். நிறைய பூனைக்கு பால் செரிக்கவும் செரிக்காது, பேதியாகும். சாதம் அதுக்கு தேவையே இல்ல, அது கறி தின்னற பிராணி. அதனால காலைல நிறுத்து வச்ச டப்பாவ மாமியார் கைலயே குடுத்து, நீங்கதான் இனிமே இதுக்கு சாப்பாடு போடணும்னு சொல்லிடுங்க. எனக்குத் தெரிஞ்சு நிறைய வீட்ல இதுதான் சண்டையில்லாம வேலை செஞ்சிருக்கு.

மத்தி, நெத்திலி மட்டும் போட்டா குறையுமா? (காசிமேடு)

மீன் மட்டும் வேண்டாம். பச்சையா போட்டா அதுல இருக்கற ஒரு என்சைம் வைட்டமின் பி1ஐ அழிச்சு நரம்ப பாதிக்கும். உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாம வேகவச்சு, முள் எடுத்து ட்ரீட்டா குடுங்க. கருவாடு வேண்டவே வேண்டாம்.

ரெண்டு பூனை, ஒண்ணு குண்டு ஒண்ணு ஒல்லி. குண்டு ரெண்டு தட்டையும் காலி பண்ணிடுது. (அம்பத்தூர்)

தனித்தனி ரூம், கதவ சாத்தி இருபது நிமிஷம், அப்புறம் தட்ட எடுத்துடுங்க. குண்டால ஏற முடியாத உயரத்துல ஒல்லிக்கு வைக்கறவங்களும் இருக்காங்க, ஆனா எடை குறைய ஆரம்பிச்சா அதுவும் ஏறிடும், கதவுதான் நம்பிக்கை.

இந்த வெயில்ல விளையாடவே மாட்டேங்குது, விடிகாலை நாலு மணிக்கு மட்டும் பசின்னு கத்துது. (தி.நகர்)

மே மாசம் பகல்ல எதுவும் வேண்டாம். ராத்திரி ஒம்போது மணிக்கு மேல கயிறு கட்டின குச்சிய வச்சு அஞ்சு நிமிஷம், கொஞ்சம் விட்டு இன்னொரு அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க, அது முடிஞ்ச உடனே அன்னைக்கு கடைசி சாப்பாடு, அப்ப வயிறு நிறைஞ்சு தூங்கும். நாலு மணிக்கு கத்தினா எழுந்து போய் போடாதீங்க, ஒரு தடவ போட்டா தினமும் கத்தும். விளையாடும்போது நாய் மாதிரி வாயத் தெறந்து மூச்சு வாங்குச்சுன்னா நிறுத்திட்டு ஃபேனுக்கு அடியில விடுங்க, கொஞ்ச நேரத்துல அடங்கலன்னா நேரா ஆஸ்பத்திரிதான்.