மூணு தடவ கூப்பிடட்டும்

அக்காவுக்கு வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில ஹாஸ்டல்ல தங்கி படிக்கேன். ஊரு கடையம் பக்கம். போன சனிக்கிழம ராத்திரி ரூம்ல எல்லாரும் சேந்து லேப்டாப்ல பிரிடேட்டர் பாத்தோம், 1987ல வந்த அர்னால்ட் படம். அர்னால்டும் அவரு கூட்டாளி சிப்பாய்ங்களும் காட்டுக்குள்ள போவாங்க, வேற கிரகத்துல இருந்து வந்த ஒரு வேட்டைக்காரன் ஒடம்பு சூட்ட வச்சு ஆளக் கண்டுபிடிச்சு ஒவ்வொருத்தரா கொல்லும். முதல் பாதி ரொம்ப இழுவையா இருந்துச்சு, அதனால ஓட்டி ஓட்டித்தான் பாத்தோம். பிள்ளைங்க எல்லாம் சிரிச்சாளுவ, எனக்கு மட்டும் விடிய விடிய தூக்கம் இல்ல. அந்த மூஞ்சிய பாத்தோ ரத்தத்த பாத்தோ இல்லக்கா, எதுக்குன்னே சொல்லத் தெரியல. அந்தப் படத்துல நிஜமாவே பயம் வார இடங்கள நீங்க வரிசையா எழுதுனா நல்லாருக்கும். சேத்த பூசிக்கிட்டா அதுக்கு ஆளு தெரியாதுன்னு காட்டுதாங்களே, அது உண்மையா? அடுத்து எந்த பார்ட் பாக்கணும்? படிச்ச பிள்ளை இதுக்கெல்லாம் பயப்படலாமான்னு ரூம்மேட் கேலி பண்ணுதா. பேரு போடாதீங்க அக்கா.

*

எம்மா,

மொதல்ல உன்ன ஏசிட்டுத்தான் மத்தது. ஓட்டி ஓட்டி பாத்தோம்னு கூச்சமே இல்லாம எழுதியிருக்க. ஏட்டி, நீ ஓட்டுன இடத்துலதான் எல்லாம் இருக்கு! ஹாக்கின்ஸ்னு ஒரு கண்ணாடி போட்ட பையன் வருவான்லா, அவன் அதே கூட்டத்துல தடம் பாத்து வழி காட்டுத பில்லிகிட்ட போயி அசிங்க அசிங்கமா ஜோக் சொல்லிக்கிட்டே இருப்பான், பில்லி கல்லு மாதிரி நிப்பான், சிரிக்கவே மாட்டான், அப்புறம் ஒரு தடவ லேட்டா புரிஞ்சு காடே அதிர சிரிப்பான். கத நகரலன்னு பத்து செகண்ட் பத்து செகண்டா நீங்க தள்ளி விட்டிருப்பீங்க. இப்ப கடைசிக்கு வா. அந்த வேட்டைக்காரன் கட்டைக்கு அடியில நசுங்கி கெடக்கு, கையில கெட்டியிருக்க வெடிய அமுக்கிட்டு சிரிக்கி, சிரிப்பு பெருசாகிக்கிட்டே போவுது. அது யாரு சிரிப்பு? பில்லி சிரிப்பு. செத்துப்போன ஒருத்தன் என்னைக்கோ கூட்டாளி ஜோக்குக்கு மனசு விட்டு சிரிச்ச சிரிப்ப, அது எங்கேயோ மரத்து மேல உக்காந்து கேட்டு வச்சிருக்கு. முதல் சிரிப்ப தள்ளி விட்டவளுக்கு கடைசி சிரிப்பு வெறும் சத்தம்தான், அதனாலதான் உன் ரூம் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல. நீ அரையும் கொறையுமா பாத்தாலும் உன் காது அத பிடிச்சிருக்கு. அந்தக் காத எனக்கு பிடிச்சிருக்கு, அதான் பதில் எழுதுதேன்.

இன்னொண்ணும் உண்டு. உன் கடிதம் வாரதுக்கு கொஞ்ச நாள் முன்னால எங்க அத்தைக்கு ஒரு போன் வந்துச்சு. எடுத்தா மகன் குரல், அம்மா ஆக்சிடன்ட் ஆயிட்டு, போலீஸ் பிடிச்சு வச்சிருக்காங்க, அப்பாட்ட சொல்லாத, உடனே பணம் போடுன்னு அழுகை. அத்தை அழுதுகிட்டே பேங்குக்கு கெளம்பிட்டா, நல்ல வேள அந்த மகனே மதிய சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து நின்னான். இப்ப ஒரு ஆளு பேசுன சின்ன ஆடியோ கெடச்சா போதும்மா, கம்ப்யூட்டர வச்சு அதே குரல்ல என்னத்த வேணும்னாலும் பேச வச்சிருதாங்க. அவன் போடாத ரீல்ஸ் கெடையாது, தங்கச்சி கல்யாணத்துல பேசுனது, பிறந்தநாளைக்கு அம்மாவுக்கு வாழ்த்து சொன்னது எல்லாம் வெளியதான் கெடக்கு. அவன் பாசமா பேசுன பேச்ச எவனோ ஒருத்தன் பொறுமையா உக்காந்து கேட்டிருக்கான்னு நினைச்சாத்தான் எனக்கு ஒடம்பு நடுங்குது, பணம் போயிருந்தாக்கூட அவ்வளவு நடுங்கியிருக்காது. அத்தை இன்னைக்கு வரைக்கும் மகன் போன் பண்ணா ஒரு நிமிஷம் எடுக்காம யோசிக்கா. பெத்த பிள்ளை குரல கேட்டு யோசிக்க வச்சுட்டாங்களே பாவிங்க.

அந்த நினைப்போட இந்தப் படத்த மனசுல ஓட்டிப் பாரு. அர்னால்ட் கூட்டத்துல இருக்க டில்லன் தோள்ல தேளு ஏறும், இன்னொரு கூட்டாளி மேக் பையப் பக்கத்துல வந்து திரும்புன்னு சொல்லி கத்தியால குத்தி எடுப்பான், அவன் நன்றி சொல்வான், இவன் ஒரு பதில் வார்த்த சொல்வான். அவ்வளவுதான் நடக்குது. ஆனா மேல ஒண்ணு உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கு. அவங்க போன பெறகு அது இறங்கி வந்து செத்த தேள கையில எடுத்து, சூடு ஆறுறத பாக்கும். அந்த ரெண்டு மூணு வார்த்தைய தொண்டைக்குள்ள போட்டு திருப்பித் திருப்பி சொல்லிப் பாக்கும், பிள்ளைங்க பேசப் படிக்கும்லா, அப்படி. மனுசங்க ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா சொன்ன வார்த்த அது! என்னக் கேட்டா படத்துலயே பயங்கரமான எடம் அதுதான், அங்க ஒரு சொட்டு ரத்தம் கெடையாது. கடைசி சண்டையில அர்னால்ட் நீ யாருல எளவுன்னு கேப்பாரு, அதுவும் அதே கேள்விய அவருகிட்டயே திருப்பிக் கேக்கும். அந்த எடத்துல எனக்கு வயித்த பிசையும்.

எங்க ஆச்சி சொல்லுவா, ராத்திரி வெளிய நின்னு யாராச்சும் பேரு சொல்லி கூப்பிட்டா ஒடனே ஏன்னு கேட்டுறாத, மூணு தடவ கூப்பிடட்டும், பேயி மூணாவது தடவ கூப்பிடாதுன்னு. உங்க வீட்லயும் சொல்லியிருப்பாங்க. மூட நம்பிக்கைன்னு நானும் கொஞ்ச நாள் தள்ளி வச்சிருந்தேன். ஆனா தெரிஞ்ச குரல்லதான் வேட்டைக்காரன் வருவான், அதனால கொஞ்சம் பொறுன்னு ஆச்சி சொன்னதுல என்ன மூடத்தனம் இருக்கு சொல்லு. இப்ப அந்த அத்தை வீட்ல போன்ல பணம்னு வந்தா வீட்டுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு வார்த்தைய கேக்கணும்னு பேசி வச்சிருக்கோம். நீயும் உங்க அம்மாட்ட பேசி வையி. இது நெசமா சொல்லுதேன், படத்துக்கு சம்பந்தம் இல்லன்னு விட்டுறாத.

காதால வார பயம் நமக்கு புதுசா என்ன? உங்க பக்கத்துலயும் சுடலமாடன் கோயில் கொடைத் திருவிழா பாத்திருப்ப. சாமக்கொடை முடிஞ்சு சாமி வேட்டைக்கு கெளம்பும்போது எங்க தெருவுல பொம்பளைங்க பிள்ளைங்க எல்லாத்தையும் உள்ள போட்டு கதவ அடைச்சிருவாங்க, எதுக்க யாரும் வரக்கூடாது, பாக்கக்கூடாது. அது வரைக்கும் வில்லுப்பாட்டும் மகுட மேளமும் காத கிழிச்சுக்கிட்டு இருந்திருக்கும், திடீர்னு எல்லாம் நின்னுரும். அப்புறம் அந்த இருட்டுல சாமியாடி கையில இருக்க வல்லயத்துல, அதான் ஈட்டியில, கெட்டுன மணி மட்டும் கேக்கும், தூரத்துல ஒரு தடவ, கொஞ்சம் கிட்ட ஒரு தடவ, அப்புறம் நம்ம வாசலுக்கு நேரா. ஆச்சி என் வாயப் பொத்திக்கிட்டு இருப்பா. நான் சாமிய கண்ணால பாத்ததே இல்ல, பந்தம் வெளிச்சம் கதவு இடுக்குல ஓடுறதத்தான் பாத்திருக்கேன், அதுக்கே மறுநா காய்ச்சல் வந்துரும். அந்தப் படத்த எடுத்த ஜான் மெக்டியர்னனுக்கும் இந்த சங்கதி தெரிஞ்சிருக்கு. பில்லி மரப்பாலத்துல ஒத்தையா நின்னு நெஞ்ச கீறிக்கிட்டு காத்து நிப்பான், அவன் சாவ காட்டவே மாட்டாங்க, தூரத்துல ஓடிக்கிட்டு இருக்கவங்களுக்கு அலறல் மட்டும் கேக்கும். காட்டியிருந்தா நீ மறந்திருப்ப. அந்த மிருகம் தொண்டையில கொடகொடன்னு ஒரு சத்தம் விடும்லா, அது பீட்டர் கல்லன்னு ஒரு குரல் நடிகர் குடுத்தது, கவுந்து கெடக்க குதிரைலாட நண்டு விடுத சத்தத்த நினைச்சு செஞ்சாராம். மூஞ்சிய ஸ்டான் வின்ஸ்டன் செஞ்சாரு, உள்ள நின்னது ஏழடிக்கு மேல உயரமான கெவின் பீட்டர் ஹால். ஆனா அந்த மூஞ்சி நமக்கு தெரியுதது எப்ப? படம் முடியப் போவும்போது. அது வரைக்கும் சத்தம்தான் பயத்த சொமக்கு. நீங்க லேப்டாப் ஸ்பீக்கர்ல, அதுவும் பத்து பேரு பேசிக்கிட்டு இருக்க ரூம்ல போட்டு, எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்கீங்க.

தோலுரிச்சு மரத்துல தொங்குத பொணம், டில்லன் கை அத்து விழுந்தும் துப்பாக்கி சுடுதது, இதெல்லாம் எனக்கு பெருசா படல, அருவருப்புதான். எல்லாரும் சேந்து காட்டப் பாத்து சுட்டுத் தள்ளி மரமெல்லாம் சாஞ்ச பெறகு ஒரு அமைதி வரும், அது நல்ல எடம்.

சேறு கத கொஞ்ச நேரத்துக்கு உண்மை. ஒடம்பு சூட்டுல இருந்து வார அகச்சிவப்புக் கதிர் ஈரச் சேத்த தாண்டாது, அர்னால்ட் அருவியில விழுந்து குளுந்து போயி சேத்துல ஏறுதாரு வேற. ஆனா நேரம் ஆவ ஆவ சேறும் ஒடம்பு சூட்டுக்கு வந்துரும், அப்புறம் ஒளியாது. அந்தப் படம் மெக்ஸிகோ காட்டுல எடுத்தாங்க, அங்க இருந்த வெக்கையில காடும் மனுச ஒடம்பும் ஒரே சூடா தெரிஞ்சு சூட்டுக் கேமராவுக்கே ஆளு சரியா பிடிபடலயாம். நம்ம ஊரு சித்திர வெயில்ல பாறையெல்லாம் 37 டிகிரிய எப்பவோ தாண்டிரும், மத்தியானத்துல அந்த வேட்டைக்காரனுக்கு இங்க கண்ணு தெரியுமான்னு எனக்கு சந்தேகந்தான். ஆனா படத்துல அவங்க பிடிச்சுக் கூட்டிட்டுப் போற பொண்ணு அன்னா சொல்லுதாள்ல, வெக்கை ஜாஸ்தியா இருக்க வருசத்துலதான் அது வரும்னு. அது ஒரு கெழவி வாயில வார மாதிரியே இருக்கும், அதயும் ஓட்டிருப்பீங்க.

உன் ரூம்மேட்டுக்கு பதில் சொல்ல எனக்கு நேரம் இல்ல. காட்ட வாசிக்கத் தெரிஞ்ச பில்லியே எனக்கு பயமா இருக்குன்னு கூட்டாளிட்ட வாய விட்டு சொல்லுதான், அவன விடவா அவ பெரிய ஆளு.

1990ல வந்த ரெண்டாவது பார்ட் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குள்ள நடக்கும், அது இப்ப வேண்டாம். மொதல்ல பழசயே திருப்பிப் பாரு, ஹெட்போன் போட்டு, ஒத்தையில, ஒரு செகண்ட் கூட தள்ளாம. அப்புறம் இதே வரிசையில 2022ல வந்த பிரே பாரு, டான் டிராக்டன்பெர்க் எடுத்தது. 1719ல நடக்குத கத, கொமாஞ்சிங்குற அமெரிக்கப் பழங்குடி இனத்துப் பொண்ணு ஒருத்தி, உன் வயசுதான் இருக்கும், அவ சொல்லுதத வீட்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. முழுப் படத்தையும் கொமாஞ்சி மொழியிலயே டப் பண்ணி வெளியிட்டிருக்காங்க, கெடச்சா அதுல பாரு. அந்த வேட்டைக்காரன் கண்ணுல படாம இருக்க அவ சேறு பூச மாட்டா, வேற ஒரு வழி கண்டுபிடிப்பா. அது என்னன்னு நான் சொல்லப் போறதில்ல.