மூன்றா, நான்கா? டர்பைன் ஸ்பிரேயர் பற்றி

வணக்கம். தேக்குக் கதவுக்கு மெலமைன் (மரத்துக்கான பாலிஷ் பூச்சு), இரும்பு கிரில்லுக்கு எனாமல், வீட்டுச் சுவருக்கு எமல்ஷன், மூன்றுக்கும் மூன்று ஸ்டேஜ் டர்பைன் ஸ்பிரேயர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டார் விசிறிகள் ஊதும் காற்றால் பெயின்ட்டைத் தெளிக்கும் கருவி இது; ஸ்டேஜ் என்பது அதில் அடுத்தடுத்து உள்ள விசிறிகளின் எண்ணிக்கை.

சுவரை முதலில் விட்டுவிடுங்கள். எமல்ஷனை இதில் அடிக்க நிறையத் தண்ணீர் கலக்க வேண்டும், அப்புறம் பெயின்ட் மூடாது. ரோலரே வேகம்.

மற்ற இரண்டுக்கும் மூன்று ஸ்டேஜ் தாங்கும். ஸ்டேஜ் கூடினால் காற்றழுத்தம் கூடும், கெட்டியான பெயின்ட்டும் நுண்ணிய துளிகளாகச் சிதறும். எனாமல் வேலை அதிகமென்றால் நான்குக்குப் போங்கள். ஆனால் பலர் ஸ்டேஜைப் பார்த்துவிட்டு நாசிலை (பெயின்ட் வெளிவரும் துளையுள்ள முனை) மறந்துவிடுகிறார்கள். மெலமைனுக்கு 1.3 மி.மீ., எனாமலுக்கு 1.5 முதல் 1.8 வரை. இரண்டு அளவு நாசில் செட்டும் உதிரியாகக் கிடைக்கும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, டர்பைன் காற்று சூடாக வரும். வெயில் நேரத்தில் மெலமைன் மரத்தைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகிவிடும். என் முதல் கதவு அப்படித்தான் ஆனது, முழுவதும் தேய்த்து எடுத்தேன். மெதுவாகக் காயும் தின்னர் கொஞ்சம் சேர்த்து, காலையில் அடியுங்கள்.

மோட்டாரை மட்டும் தின்னர் ஆவி வராத இடத்தில், முடிந்தால் அறைக்கு வெளியே வையுங்கள். ஆவி பற்றிக்கொள்ள மோட்டாரின் ஒரு தீப்பொறி போதும். அதனால் ஹோஸ் நீளமாக இருக்கட்டும். கரிவடிகட்டி உள்ள முகமூடியும் வேண்டும், துணி மாஸ்க் உதவாது.