'பிகின்', 'ஸ்டார்ட்', 'கமென்ஸ்': எந்த இடத்தில் எது?

வாசகர் ஒருவரின் கேள்வி: அலுவலக மின்னஞ்சல்களில் 'தொடங்குதல்' என்ற பொருளில் 'பிகின்', 'ஸ்டார்ட்', 'கமென்ஸ்' ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறேன். இவற்றுக்குள் வேறுபாடு உண்டா? 'பிகேன் டு ரைட்' என்று எழுத வேண்டுமா, 'பிகேன் ரைட்டிங்' என்றா? ஒவ்வொரு முறையும் தயங்கி நிற்கிறேன்.

பதில்: வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் தவறு நேர்வதைவிட, அதைச் சுற்றி வரும் சிறு சொற்களில் தவறு நேர்வதே அதிகம். ஆயினும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே பார்ப்போம்.

கூட்டம், வகுப்பு, வேலை, மழை, கதை போன்றவற்றைக் குறிக்கும்போது 'பிகின்', 'ஸ்டார்ட்' இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 'த மீட்டிங் பிகேன் அட் டென்' என்றாலும் 'த மீட்டிங் ஸ்டார்ட்டட் அட் டென்' என்றாலும் பொருள் மாறுவதில்லை; முன்னது சற்று எழுத்து நடையாகவும், பின்னது பேச்சு நடையாகவும் ஒலிக்கும், அவ்வளவுதான். ஆனால் இயந்திரம் என்று வந்துவிட்டால் 'ஸ்டார்ட்' மட்டுமே பொருந்தும். வண்டி கிளம்பவில்லை என்பதற்கு 'த கார் வோன்ட் ஸ்டார்ட்' என்கிறோம். அங்கே 'பிகின்' வைத்தால் கேட்பவர் சிரித்துவிடுவார். தொழில் நிறுவுவதும், தீ மூட்டுவதும், வதந்தி கிளப்புவதும், சண்டையைத் தூண்டுவதும் வழக்கில் 'ஸ்டார்ட்' பக்கமே சேரும். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வேருக்குத் துள்ளி எழுதல் என்று பொருள். 'ஸ்டார்ட்டில்' என்ற சொல் அதன் உறவுதான். ஓய்ந்திருந்த ஒன்று சட்டென்று அசையும் இடங்களில் இந்தச் சொல் இயல்பாகப் பொருந்துவதற்கு அந்தப் பழைய பொருளும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மறுபுறம், ஒருவர் பேச்சைத் தொடங்கியதை எழுத்தில் சொல்லும்போது, 'ஃப்ரெண்ட்ஸ், ஹி பிகேன்' என்று 'பிகின்' வருவதே மரபு.

'கமென்ஸ்' பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். ஒப்பந்தத்திலும், அரசாணையிலும், முறையான அறிவிப்பிலும் அது தன் இடத்தில் இருக்கும். சக ஊழியருக்கு எழுதும் இரண்டு வரி மின்னஞ்சலில், 'வீ வில் கமென்ஸ் த வொர்க் டுமாரோ' என்பது பட்டு வேட்டி கட்டிக்கொண்டு குப்பை கொட்டப் போவதைப் போன்றது. 'ஸ்டார்ட்' என்று எழுதுவதால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. அப்படியே 'கமென்ஸ்' தேவைப்பட்டாலும், அதன் பின் பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோ வருவது நல்லது. 'கமென்ஸ் டு வொர்க்' என்பது இன்று வழக்கொழிந்த நடையாகவே படும்.

அடுத்து, 'டு' வேண்டுமா 'இங்' வேண்டுமா என்ற உங்கள் தயக்கம். இது பெரும்பாலும் 'ஸ்டாப்' என்ற வினையைப் படித்த நாளிலிருந்து தொற்றிக்கொண்ட அச்சம். 'ஹி ஸ்டாப்ட் ரீடிங்' என்றால் படிப்பதை நிறுத்தினான். 'ஹி ஸ்டாப்ட் டு ரீட்' என்றால் வேறெதையோ நிறுத்திவிட்டுப் படிப்பதற்காக நின்றான். அங்கே பொருள் தலைகீழாகிறது. 'பிகின்', 'ஸ்டார்ட்' இரண்டிலும் அந்த ஆபத்து இல்லை. 'பிகேன் டு ரைட்', 'பிகேன் ரைட்டிங்' இரண்டுமே சரி.

மூன்று இடங்களில் மட்டும் கவனம் தேவை. தொடங்கும் வினையே 'இங்' வடிவில் இருந்தால், அதன் பின் இன்னொரு 'இங்' ஒட்டாது: 'இட் இஸ் பிகினிங் டு ரெயின்' என்பதே வழக்கு, 'பிகினிங் ரெயினிங்' அன்று. புரிதல், உணர்தல், அறிதல் போன்ற மனம் சார்ந்த வினைகளுக்கு முன் 'டு' வருவதே இயல்பு: 'ஐ பிகேன் டு அண்டர்ஸ்டாண்ட்'. செயல் தொடக்க நிலையிலேயே தடைபட்டதைச் சொல்லும்போதும் 'டு' பொருத்தமாக அமையும்: 'ஷி ஸ்டார்ட்டட் டு ஸ்பீக், பட் த ஃபோன் ரேங்' என்றால், அவர் வாயெடுத்தார், அதற்குள் தொலைபேசி மணி அடித்துவிட்டது. 'பேசத் தொடங்கினார்' என்று தமிழில் நாம் சொல்வதற்கு 'டு' வடிவமே நெருக்கமானது என்பதால், ஐயம் வந்தால் அதையே எழுதுங்கள், தவறு நேராது.

இனி உண்மையான இடறல்கள். முதலாவது, 'கிளாசஸ் வில் ஸ்டார்ட் ஃப்ரம் மண்டே'. 'திங்கள்கிழமை முதல் வகுப்புகள் தொடங்கும்' என்ற தமிழ் வாக்கியம் அப்படியே ஆங்கில உடை அணிந்து வந்திருக்கிறது. சொல்லப்போனால் அந்தத் தமிழ் வாக்கியமே சற்றுத் தளர்வானது: வகுப்புகள் திங்களன்று தொடங்கும், அல்லது திங்கள் முதல் நடைபெறும். தொடங்குவது ஒரு புள்ளி, அது நீள்வதில்லை. எனவே நாளுக்கும் தேதிக்கும் 'ஆன்', மணிக்கு 'அட்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்' என்று எழுதுங்கள். எங்கிருந்து தொடங்குகிறோம் என்று இடத்தைச் சுட்டும்போது 'ஃப்ரம்' தாராளமாக வரலாம்: 'ஸ்டார்ட் ஃப்ரம் பேஜ் டென்'.

இரண்டாவது, 'ஐ ஹேவ் பிகேன்'. 'பிகேன்' தனியாக நிற்கும் இறந்த கால வடிவம்; 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' துணைக்கு வந்தால் 'பிகன்' என்று மாற வேண்டும். 'ஸ்டார்ட்டட்' இரண்டு இடத்துக்கும் பொதுவானது என்பதால், அவசரத்தில் எழுதும்போது அதைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. எழுத்துக்கூட்டலில், 'பிகினிங்' என்னும்போது 'என்' என்ற எழுத்து இரட்டிக்கும். 'ஸ்டார்ட்டிங்' என்பதில் எதுவும் இரட்டிக்காது.

மூன்றாவது, 'த மீட்டிங் வாஸ் ஸ்டார்ட்டட் அட் டென்'. தமிழில் கூட்டம் 'தொடங்கியது' என்கிறோம். 'தொடங்கப்பட்டது' என்று அங்கே சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே: 'வாஸ்' தேவையில்லை. ஒரு பள்ளியையோ சங்கத்தையோ யாரோ நிறுவினார்கள் என்னும்போது 'வாஸ் ஸ்டார்ட்டட்' பொருந்தும். 'வாஸ் ஃபவுண்டட்' இன்னும் நன்று.

உரையையோ கடிதத்தையோ எதைக்கொண்டு தொடங்குகிறோம் என்பதைச் சொல்லும்போது, பெயர்ச்சொல்லுக்கு 'வித்', செயலுக்கு 'பை': 'லெட் மீ பிகின் வித் எ கொஸ்டின்', 'லெட் மீ பிகின் பை தேங்கிங் யூ'.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 'வீட்டிலிருந்து புறப்பட்டாயிற்றா?' என்ற எண்ணத்தில் 'ஹேவ் யூ ஸ்டார்ட்டட்?' என்று நாம் குறுஞ்செய்தி அனுப்புகிறோம். பயணம் புறப்படும் பொருள் அச்சொல்லுக்கு உண்டு என்றாலும், நம் வழக்கம் அறியாத ஒருவர் அதை 'வேலையைத் தொடங்கிவிட்டீர்களா' என்று எடுத்துக்கொள்ளக்கூடும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது 'ஹேவ் யூ லெஃப்ட்?' அல்லது 'ஹேவ் யூ செட் ஆஃப்?' என்று கேளுங்கள். அவர் பாதி வழியில் இருக்கிறாரா, கணினி முன் அமர்ந்திருக்கிறாரா என்ற குழப்பம் வராது.