பெட்டியெல்லாம் வேணாங்க, ஒரு லெட்டர்பேடு போதும்!
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2023ல 12 மணி நேர வேலை சட்டத்தை சட்டசபைல பாஸ் பண்ணி, பத்தே நாள்ல வாபஸ் வாங்கினாங்களே. முதலாளிங்க பெட்டி கொடுத்துதானே அது வந்துச்சு? போக வர கம்பெனி பஸ்லயே மூணு மணி நேரம் போகுது எங்களுக்கு, கேக்குறவன் கேனையனா? (தொழிற்சாலை ஊழியர், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: தம்பி, கோவம் நியாயம்தான். ஆனா பெட்டி கைமாறுச்சுனு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல, இல்லாதத எழுத மாட்டேன். அதவிட சுவாரஸ்யமான விஷயம் ஒண்ணு இருக்கு. எந்த சட்டமுன்வடிவா இருந்தாலும் கடைசி பக்கத்துல நோக்கக் காரண விளக்கவுரைனு ஒரு பாரா போடுவாங்க, யாரும் படிக்க மாட்டாங்க. அந்த பில்லோட விளக்கவுரைய எடுத்து பாருங்க, தொழில் நிறுவனங்களும் முதலாளிங்களோட தொழில் சங்கங்களும் வேலை நேரத்துல நெகிழ்வு வேணும்னு கோரிக்கை வச்சாங்க, அதனால கொண்டு வர்றோம்னு அரசாங்கமே எழுதியிருக்கு! ஒளிவு மறைவே இல்ல. லெட்டர்பேடுல ஒரு மனு டைப் அடிச்சு "மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு"னு போட்டு கொடுத்தா, அது தபால்ல சீல் வாங்கி, செக்‌ஷன்ல நோட் ஃபைல் ஆகி, "பரிசீலிக்கலாம்"னு ஒரு வரி ஏறி, அப்படியே ஒவ்வொரு டேபிளா மேல போகும். நானும் கோட்டைல, அதான் தலைமைச் செயலகத்துல, ரிப்போர்ட்டரா சுத்தினவன்தான், நான் பாத்த லாபி, அதாவது அரசாங்கத்த தன் பக்கம் வளைக்க பேசுறது, முக்காவாசி இப்படி பட்டப்பகல்லதான் நடந்துச்சு.

அந்த பில் என்ன பண்ணுச்சுனு பாருங்க, ஏன்னா டிவில "வாரத்துக்கு நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு"னு இனிப்பா சொன்னாங்க. அப்ப இருந்த 1948 ஃபேக்டரி சட்டப்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48, அதுக்கு மேல போனா ஓவர்டைம், டபுள் சம்பளம். இந்த பில் 65ஏ-னு புதுசா ஒரு பிரிவ சொருகுச்சு. எந்த ஃபேக்டரிக்கு வேணும்னாலும் 51, 52, 54, 55, 56, 59 இந்த பிரிவுகள்ல இருந்து அரசாங்கம் ஒரு அறிவிக்கை போட்டு விலக்கு கொடுக்கலாம்னு. இதுல 59ங்கறதுதான் ஓவர்டைம். கணக்கு போட்டு பாருங்க, சும்மா உதாரணத்துக்கு மணிக்கு 100 ரூபா கூலினு வைங்க. 12 மணி நேரம் வேலை பாத்தா பழைய சட்டப்படி 9 மணி நேரத்துக்கு 900, மீதி 3 மணி நேரத்துக்கு டபுளா 600, ஆக 1,500. 59லயும் விலக்கு கொடுத்துட்டா அதே 12 மணி நேரத்துக்கு 1,200. நாலு நாளைக்கு 6,000 வர வேண்டிய இடத்துல 4,800. வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தானேனு அமைச்சருங்க சொன்னது பொய் இல்ல, ஆனா அந்த 1,200 ரூபா எங்க போச்சுனு அவங்க சொல்லல. எந்த பிரிவுல விலக்கு, யாருக்கு, என்ன கண்டிஷன்ங்கறதெல்லாம் பின்னாடி வர்ற அறிவிக்கைலதான். அதாவது சட்டசபைல காட்டினது பூட்டு மட்டும், சாவி கோட்டைல ஒரு செக்‌ஷன் கைல.

ஏப்ரல் 12 தாக்கல், 21 குரல் வாக்கெடுப்புல பாஸ். காங்கிரஸ், ரெண்டு கம்யூனிஸ்ட், விசிகனு கூட்டணி கட்சிங்களே வெளிநடப்பு. அப்ப ஆளுங்கட்சியா இருந்த திமுகவோட தொழிற்சங்கம் தொமுசவே எதிர்த்துச்சு. 24ந் தேதி தொழிலாளர் சங்கங்களோட பேச்சுவார்த்தை, அன்னிக்கே நிறுத்தி வைக்கிறோம்னு அறிவிப்பு, மே 1 அன்னிக்கு மே தின பூங்காலயே முதல்வர் ஸ்டாலின் வாபஸ்னு சொல்லிட்டாரு. சிங்காரவேலர் சென்னைல மொத மே தினம் கொண்டாடினது 1923, சரியா நூறாவது வருஷம்! தேதி பாத்துதான் பில் கொண்டு வந்தாங்களானு எனக்கு இன்னும் ஆச்சரியம்.

என்னோட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். 24ந் தேதி சங்கங்கள கூப்பிட்டு பேசினாங்கல்ல, அத 12ந் தேதிக்கு முன்னாடி செஞ்சிருந்தா என்ன? முதலாளி சொன்னத முன்னாடி கேட்டு, தொழிலாளி சொன்னத பின்னாடி கேட்டதுதான் இங்க பிரச்சனை.

கேள்வி: இந்த லாபிங் எல்லாம் அமெரிக்கா கலாச்சாரம், நமக்கு புதுசுதானே சார்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸ் ஆரம்பிச்சதே 1836ல. வெள்ளக்காரன் காலத்துல மெட்ராஸ் சட்ட மேலவைல வெள்ளக்கார வியாபாரிகளுக்கு, தோட்ட முதலாளிகளுக்கு, ஏன் நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்குக்கூட தனித்தனி சீட்டே இருந்துச்சு. அப்ப வெளில நின்னு கதவ தட்ட வேண்டிய வேலையே இல்ல, உள்ளயே நாற்காலி. அமெரிக்காகாரன் பண்ணது என்னன்னா 1995ல ஒரு சட்டம் போட்டு, யாரு யாருக்காக எவ்வளவு செலவு பண்ணி லாபி பண்றாங்கனு கணக்கு காட்டணும்னுட்டான். 2012ல வால்மார்ட் இந்தியா சந்தைக்காகவும் சேத்து அமெரிக்காவுல லாபி பண்ண விஷயம் அந்த கணக்குலதான் வெளிய வந்து, இங்க பார்லிமென்ட்ல ரகளையே ஆச்சு. நம்ம கிட்ட அப்படி ஒரு சட்டமே கிடையாது. அவங்கள பாத்துட்டு நாம யோக்கியம்னு நினைக்கிறது, கணக்கே எழுதாதவன் நஷ்டம் இல்லேனு சொல்ற மாதிரி.

கேள்வி: நான் ஆறு பேர வச்சு லேத் பட்டறை நடத்துறேன். முதலாளிங்க முதலாளிங்கனு நீங்க எழுதுறப்பெல்லாம் எங்களயும் சேத்து திட்டுற மாதிரி இருக்கு. எங்க பேச்ச எந்த அரசாங்கம் கேட்டுச்சு? (பட்டறை உரிமையாளர், கோவை)

பதில்: அண்ணே, ஒத்துக்கறேன், தப்பு என் மேல. தொழில் சங்கம்னு ஒரே வார்த்தைல சொன்னாலும் அதுக்குள்ள மாடி வீடும் இருக்கு குடிசையும் இருக்கு. பெரிய கம்பெனிக்காரர் அரசாங்கத்தோட ஒப்பந்தம் போடுறப்பவே கரண்ட், நிலம், முத்திரைத்தாள், மானியம் எல்லாம் சேத்து ஒரு பேக்கேஜா பேசி முடிச்சிடுவாரு. உங்களுக்கு பேக்கேஜ் கிடையாது, மாசா மாசம் பில்லுதான்.

2022 செப்டம்பர்ல கரண்ட் கட்டணம் ஏறினப்ப என்ன ஆச்சு? நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு 35 ரூபா கட்டிட்டிருந்த பட்டறைங்கள்ல, 50 கிலோவாட்டுக்கு மேல லோடு வாங்கினவங்களுக்கு அது 150 ரூபாயும் அதுக்கு மேலயும் ஆயிருச்சு. மெஷின் ஓடினாலும் ஓடாட்டியும் கட்டணும். இத்தனைக்கும் கரண்ட் கட்டணத்துக்கு மட்டும் நம்ம நாட்டுல உருப்படியா ஒரு ஏற்பாடு இருக்கு, 2003 மின்சார சட்டப்படி கட்டணத்த மாத்த கேக்குற மனுவ வெளியிடணும், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆட்சேபனை கேக்கணும். அந்த வருஷம் கோவை, மதுரை, சென்னைனு கூட்டம் போட்டு கேட்டாங்க, உங்க சங்கத்துக்காரங்க வரிசைல நின்னு பேசினாங்க, எல்லாம் பதிவாச்சு. கேட்டுக்கிட்டு ஏத்திட்டாங்க, அது வேற கதை. அப்புறம் 2023 செப்டம்பர் 25 ஒரு நாள் கதவடைப்பு பண்ணி, மனுவுக்கு மேல மனு கொடுத்து, கொஞ்சம் சலுகை வாங்கினீங்க. பெரியவங்க ஒரு டீ குடிக்கிற நேரத்துல பேசி முடிக்கிறத நீங்க ஷட்டர மூடி வாங்க வேண்டியிருக்கு. இதுவும் லாபிதான், ஆனா இதுல என்ன நடந்துச்சுனு ஊருக்கே தெரியும். என் சண்டை தெரியாம நடக்குறதோடதான்.

கேள்வி: கம்பெனிக்காரன் கேக்குறத கொடுக்கலேன்னா பக்கத்து மாநிலத்துக்கு போயிடுவான். வேலை போனா நீங்களா சோறு போடுவீங்க? (இன்ஜினியர், ஓசூர்)

பதில்: இந்த பயம் சும்மா இல்ல, ஓசூர்ல இருந்துட்டு கேக்குறீங்க, பார்டர் அந்தப் பக்கம் நடந்தத பாத்திருப்பீங்க. 2024 ஜூலை 15, கர்நாடக கேபினட் ஒரு பில்லுக்கு ஓகே சொல்லுது, தனியார் கம்பெனில நிர்வாக வேலைல 50 சதவீதம், மத்த வேலைல 70 சதவீதம் உள்ளூர்காரங்களுக்குனு. ஐடி கம்பெனிங்களோட சங்கம் நாஸ்காம் கம்பெனிங்க வெளியேற வேண்டி வரும்னு அறிக்கை விடுது. ஆந்திரா அமைச்சர் லோகேஷ் ட்விட்டர்ல, எங்க விசாகப்பட்டினத்துக்கு வாங்கனு சிவப்பு கம்பளம் விரிக்கிறாரு. 17ந் தேதி பில் கிடப்புல. ரெண்டே நாள்! நம்ம 12 மணி நேர பில்லுக்கு பாஸ் ஆன பிறகு மூணு நாள் ஆச்சு, அதுக்கு எத்தன சங்கம் தெருவுக்கு வர வேண்டியிருந்துச்சு, இங்க ஒரு அறிக்கையும் ஒரு ட்வீட்டும் போதுமா இருந்துச்சு.

அந்த கர்நாடகா பில் நல்லதுனு நான் சொல்ல வரல, எனக்கே அதுல உடன்பாடு கிடையாது, நம்ம பசங்க எத்தன பேரு பெங்களூர்ல இருக்காங்க. ஹரியானால 75 சதவீதம்னு இதே மாதிரி ஒரு சட்டம் போட்டு, ஃபரிதாபாத் தொழில் சங்கமும் மத்தவங்களும் கோர்ட்டுக்கு போய், 2023 நவம்பர்ல பஞ்சாப் ஹரியானா ஹைகோர்ட் ரத்து பண்ணிருச்சு. அது நேர் வழி, வாதம் பிரதிவாதம் எல்லாம் தீர்ப்புல இருக்கு. ஆனா மாநிலத்துக்கு மாநிலம் போட்டி போடுறப்ப கம்பெனிக்காரன் வாய திறக்கவே வேணாம், போயிடுவானோங்கற பயமே லாபி பண்ணிடும். 2023 பிப்ரவரில கர்நாடகா 12 மணி நேரத்துக்கு சட்டம் போட்டுச்சு, ஃபாக்ஸ்கானும் ஆப்பிளும் அதுக்கு பின்னாடி பேசினாங்கனு பைனான்சியல் டைம்ஸ் எழுதுச்சு, ரெண்டே மாசத்துல நம்ம ஊர்ல அதே 12. அவன் செஞ்சுட்டான் நாம செய்யலேன்னா எப்படிங்கற கணக்குதான்.

சோறு போடுற கேள்விக்கு: என்னால முடியாதுங்க. ஆனா ஒரு கம்பெனி இங்க வர்றதுக்கு துறைமுகம், ரோடு, ஐடிஐ முடிச்ச பசங்க, பக்கத்துலயே பார்ட்ஸ் சப்ளை பண்ற ஆளுங்கனு ஆயிரம் காரணம் இருக்கு. ஓவர்டைம் காச விட்டுக் கொடுத்தாதான் வருவான்னா, அவன் நாளைக்கு அதவிட கம்மியா கொடுக்கற இடத்துக்கு போக மாட்டான்னு என்ன கேரண்டி?

கேள்வி: எலக்டோரல் பாண்டு லிஸ்ட் வந்துச்சே, அதுல எல்லாம் வெளிச்சமாயிடுச்சுல்ல? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: பாதி வெளிச்சம்மா. கட்சிகளுக்கு பேர் வெளிய தெரியாம பணம் கொடுக்க வழி பண்ண அந்த பாண்டு திட்டத்தையே 2024 பிப்ரவரி 15 சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுச்சு, லிஸ்ட் வந்துச்சு, நாடு முழுக்க அதிகமா வாங்கினது பாஜக. திமுக தேர்தல் ஆணையத்துகிட்ட காட்டின கணக்குல மொத்தம் 656.5 கோடி, அதுல 509 கோடி ஃப்யூச்சர் கேமிங்ங்கற ஒரே லாட்டரி கம்பெனி கொடுத்தது. கொடுத்தவங்க பேர சொன்ன சில கட்சிகள்ல திமுகவும் ஒண்ணு, அதுக்கு மார்க் போடலாம். ஆனா தமிழ்நாட்டுல 2003ல இருந்தே லாட்டரி கிடையாதே, அப்புறம் எதுக்கு 509 கோடி? அந்த லிஸ்ட்ல பேரும் தொகையும் தேதியும்தான் இருக்கு, எதுக்காகனு ஒரு கட்டம் இல்ல. பணத்த வச்சு ஊகிக்கலாம், நிரூபிக்க முடியாது. அதனாலதான் நான் பாண்டவிட ஃபைல நோண்ட சொல்றேன்.

கேள்வி: தொழிலாளிக்கு சாதகமா ஒண்ணுமே நடக்கலயா? எப்பவும் அழுது வடியிறீங்களே. (இல்லத்தரசி, சேலம்)

பதில்: நடந்துச்சும்மா! 2021ல கடைல வேலை பாக்குறவங்களுக்கு உக்கார நாற்காலி கொடுக்கணும்னு நம்ம சட்டசபை சட்டம் போட்டுச்சு. கேரளா 2018லயே போட்டுருச்சு, அங்க ஜவுளிக்கடை பெண்கள் வருஷக்கணக்கா போராடி வாங்கினது. அடுத்த தடவ துணி எடுக்க போறப்ப நாற்காலி எங்க இருக்குனு பாருங்க, அதுல யாராவது உக்காந்திருக்காங்களானும் பாருங்க.

கேள்வி: எந்த சங்கம் என்ன மனு கொடுத்துச்சுனு சாதாரண ஆளு பாக்க முடியுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: முடியும். எல்லாமே பில்லா வராதுங்கறத மொதல்ல ஞாபகம் வைங்க. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற கடைங்க 24 மணி நேரமும் திறக்கலாம்னு 2019ல வந்தது வெறும் ஒரு அரசாணை, மூணு வருஷத்துக்கு. 2022ல நீட்டிச்சாங்க, 2025ல மறுபடி நீட்டிச்சாங்க. வெளிநடப்பு இல்ல, வேலைநிறுத்தம் இல்ல, உங்கள்ல எத்தன பேருக்கு தெரியும்? இப்ப 2025 நவம்பர் 21ல இருந்து மத்திய அரசோட நாலு லேபர் கோடும் (தொழிலாளர் சட்டத் தொகுப்பு) அமலுக்கு வந்து பழைய ஃபேக்டரி சட்டம் அதுக்குள்ள போயிருச்சு, இனிமே விளையாட்டு பூரா மாநில விதிகள்லயும் அறிவிக்கைலயும்தான்.

தகவல் உரிமை சட்டத்துல மனு போடுங்க, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தலைமைச் செயலகம், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை, பொதுத் தகவல் அலுவலருக்கு. "லாபி பத்தி தகவல் தரவும்"னு எழுதினா "அப்படி எதுவும் இல்லை"னு ஒரே வரில பதில் வரும். அரசாணை நம்பரும் தேதியும் போட்டு, அது சம்பந்தமா வந்த கோரிக்கை மனுக்களோட நகல், அந்த ஃபைல்ல அதிகாரிங்க குறிப்பு எழுதின நோட் ஷீட் நகல், ஆலோசனைக் கூட்டத்துக்கு யார் யார கூப்பிட்டாங்கங்கற கடிதம், இத தனித்தனியா கேளுங்க. வணிக ரகசியம்னு அந்த சட்டத்தோட 8(1)(டி) பிரிவ காட்டி மறுக்கப் பாப்பாங்க, வேலை நேரத்த மாத்த சொல்றதுல என்ன வணிக ரகசியம்னு மேல்முறையீட்டுல கேளுங்க. முப்பது நாள் டைம் அவங்களுக்கு. வந்ததும் எனக்கும் ஒரு ஜெராக்ஸ் அனுப்புங்க, அந்த கூப்பிட்ட லிஸ்ட்ட மொதல்ல பாக்கணும்.