அப்பாவின் 325ஐஎஸ்: எந்த ஏலத்தில் விற்பது?

கேள்வி: அண்ணா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். அப்பா 1991இல் புதிதாக வாங்கிய பிஎம்டபிள்யூ 325ஐஎஸ் எங்கள் கராஜில் நிற்கிறது. போன வருடம் அவர் தவறிவிட்டார். ஓட்ட ஆளில்லை, விற்றுவிடலாம் என்கிறார் அம்மா. கையோடு பணம் தரும் கம்பெனி ஒன்று சொன்ன விலை கட்டுபடியாகவில்லை. ஆன்லைன் ஏலத்தில் போடு என்கிறார்கள் நண்பர்கள். ஒருவன் அமெரிக்காவின் பிரிங் எ டிரெய்லர் என்கிற கார் ஏலத் தளத்தைச் சொல்கிறான். இன்னொருவன், கமிஷன் வாங்காத உள்ளூர் தளமாகப் பார் என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: தளம் இருக்கட்டும் தம்பி, வண்டி இன்னும் அப்பா பெயரில்தானே இருக்கிறது? அப்படியானால் விற்கும் உரிமை இப்போதைக்கு அம்மாவுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. இறந்தவர்களின் சொத்து விவகாரத்தைக் கவனிக்கும் மாஸ்டர் ஆஃப் தி ஹை கோர்ட் அலுவலகத்தில் கடிதம் வாங்க வேண்டும். அப்பா விட்டுப்போன சொத்தின் மொத்த மதிப்பு 250,000 ரேண்டுக்குள் என்றால் லெட்டர் ஆஃப் அதாரிட்டி என்கிற அதிகாரக் கடிதம். அதைத் தாண்டினால் எக்ஸிகியூட்டர், அதாவது சொத்தை நிர்வகிப்பவர், நியமனக் கடிதம். கடிதத்தைக் கேட்காமலே வண்டியை ஏலத்துக்கு ஏற்கத் தயார் என்கிற தளத்திடம் விலகியே இருங்கள்.

இனி தளம். பிரிட்டோரியா பக்கம் ராஸ்லினில், பந்தயத்தை மனதில் வைத்து நம் நாட்டுக்கென்றே செய்த வண்டி உங்களுடையது. வெளிநாட்டுக்காரருக்கு பிஎம்டபிள்யூவின் எம்3 தெரியும், இது தெரிந்தவர்கள் சொற்பம். இங்கேயோ குஷேஷே என்று இதன் செல்லப்பெயரைச் சொன்னாலே சொவெட்டோவிலிருந்து டர்பன் வரை திரும்பிப் பார்ப்பார்கள். பிரிங் எ டிரெய்லரில் வருபவை பெரும்பாலும் அமெரிக்காவிலேயே நிற்கும் வண்டிகள். 25 வருடம் தாண்டியதால் உங்கள் வண்டியை அங்கே இறக்கத் தடையில்லைதான். ஆனால் ஸ்டியரிங் வலப்பக்கம், போலீஸ் கிளியரன்ஸ், கப்பல் கூலி எல்லாவற்றையும் கழித்துக்கொண்டுதான் அங்கிருப்பவர் விலை கேட்பார். லண்டனின் கலெக்டிங் கார்ஸ் போன்ற தளத்தில் ஸ்டியரிங் சிக்கல் இல்லை, கப்பல் கூலி இருக்கிறது. என் யோசனை, உள்ளூரிலேயே விற்பது.

உள்ளூரிலும் கமிஷனை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். விற்பவரிடம் ஒன்றும் வாங்காத தளம், வாங்குபவரிடம் 10 சதவீதம் வாங்குகிறது என்று வையுங்கள். 400,000 ரேண்டுக்கு ஏலம் கேட்பவர் 40,000 கட்டணம், அதன்மேல் 15 சதவீத வாட் வரி 6,000 சேர்த்து 446,000 கட்டுவார். கையில் 446,000 வைத்திருப்பவர் அதற்காகவே 400,000த்தோடு நின்றுவிடுவார். இலவசம் என்ற அந்த 46,000 யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள்.

அதைவிட, அந்தத் தளத்தில் முடிந்துபோன ஏலங்களைத் தோண்டுங்கள். பழைய பிஎம்டபிள்யூக்கள் அங்கே விற்றிருக்கின்றனவா? கடைசி நேரத்தில் எத்தனை பேர் மோதினார்கள்? ஒரே வண்டி மூன்று மாதம் கழித்து மறுபடி வந்திருந்தால், முதல் தடவை வாங்கியவர் பணம் கட்டவில்லையோ என்று கேளுங்கள். கடைசி நிமிடத்தில் ஒருவர் விலை ஏற்றினால் நேரம் நீள வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்கிற விலை, வைத்தே விற்கலாம். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி ரிசர்வ் உண்டு என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் உங்கள் மச்சானை விட்டு விலை ஏற்றவும் கூடாது. நம் ஊர் ஏலங்களில் 'சப்ஜெக்ட் டு கன்ஃபர்மேஷன்' என்று ஒரு வழக்கம் உண்டு: கடைசி விலையை நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் விற்பனை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மறுநாள் போன் போட்டு, இதுதான் அண்ணா மார்க்கெட் என்று நெருக்குவார்கள். மனதில் ஒரு விலையை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

படங்களைக் கஞ்சத்தனம் இல்லாமல் போடுங்கள். இந்த ரக வண்டிகளில் நிறைய, வண்டியைச் சுழலவிட்டு வித்தை காட்டும் ஸ்பின்னிங் ஆடி அடிபட்டு வெல்டிங் பார்த்தவை. அதனால் வாங்குபவர் சந்தேகத்தோடுதான் வருவார். சேசிஸ் எண், எஞ்சின் எண், சர்வீஸ் புத்தகத்தின் முத்திரைகள், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வீடியோ, எல்லாம் வேண்டும். டர்பன் உப்புக்காற்று துருவைக் கொடுக்கும்: பூட்டில், அதாவது டிக்கியில், தரைப் பாயைத் தூக்கி, கதவு அடியில், கண்ணாடி ரப்பர் ஓரத்தில் படம் எடுங்கள். இருக்கிற நிலையில் விற்கிறேன் என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தெரிந்தே மறைத்த பழுதுக்கு அந்த வாசகம் காப்பாற்றாது.

வாங்குபவர் அனுப்பும் பணம் கட்டிய ரசீதைப் போனில் பார்த்துச் சாவியைக் கொடுக்காதீர்கள். போலி ரசீது இங்கே சர்வசாதாரணம். பணம் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கி ஆப்பில் பார்த்த பிறகுதான் சாவி. அன்றைக்கே வாங்கியவரின் ஐடி நகலோடு உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தை லைசென்சிங் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர் வேகமாக ஓட்டிய அபராதமெல்லாம் அப்பா பெயருக்கு உங்கள் வீட்டுக்கு வரும்.