மார்மன் மிஷனரி இளைஞர்கள் வெளிநாட்டில் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள்? தெரியாத மொழியில் எப்படிக் கற்பிக்கிறார்கள்?

நாட்டுக்கு நாடு இது நிறைய மாறும். பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எதுவும் விளங்காது என்பதால் ஜப்பானை எடுத்துக்கொள்கிறேன். 1901இல் ஹீபர் ஜே. கிராண்ட் தலைமையில் முதல் குழு அங்கே போனது. 1924இல் மூடிவிட்டு, 1948இல் மறுபடி திறந்தார்கள். பைபிள் கதைகளைக் கேட்டே வளராதவர்களிடம் பேச வேண்டிய நாடு அது. இந்த வேலை எங்கெங்கே சிக்கும் என்பது அங்கே நன்றாகத் தெரியும்.

முதலில் பெயர். சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 'மார்மன்' என்று அழைக்க வேண்டாம் என்று 2018இல் தலைமையே கேட்டுக்கொண்டது. கேள்வியில் அப்படி இருப்பதால் தலைப்பில் விட்டுவைத்தேன். யெகோவா சாட்சிகள் வேறு, இவர்கள் வேறு. நம் ஊரில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

ஆண்கள் 18 வயதிலிருந்து போகலாம், 24 மாதம். பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. சம்பளமும் இல்லை. அமெரிக்கக் குடும்பம் என்றால் மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். 2020 ஜூலைக்கு முன்பு அது 400. டோக்கியோவுக்குப் போனாலும் பெருவுக்குப் போனாலும் அதே தொகைதான். வாடகை போக, சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் அளந்த பணம் மாதாமாதம் வரும். திட்டமிடாதவர்களுக்குக் கடைசி வாரம் சோறும் முட்டையும்தான்.

வழக்கமான நாள் காலை 6.30க்கு எழுவதில் தொடங்கும். அரை மணி உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. எட்டு மணி வாக்கில் தனியாக வேதப் படிப்பு, பிறகு இருவரும் சேர்ந்து படிப்பு, அதன்பின் மொழிப் படிப்பு. அதை முடித்துவிட்டு வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு வீடு. 10.30க்கு விளக்கணைக்க வேண்டும். 2017இல் இதைக் கொஞ்சம் தளர்த்தி, எந்த வேலையை எப்போது வைத்துக்கொள்வது என்பதில் அந்தந்த ஊருக்கேற்ப விட்டுக்கொடுத்தார்கள். ஜப்பானில் இது அவசியமும்கூட. வேலைக்குப் போகிறவர் வீடு திரும்பவே இரவு எட்டாகிவிடும். பகல் முழுக்கக் கதவு தட்டினால் வயதானவர்களும் இன்டர்காம் குரலும்தான் மிஞ்சும்.

எப்போதும் இரண்டு பேர். கூட்டாளியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்துக்குப் போகக் கூடாது என்பது விதி. புதிதாக வருகிறவருக்கு முதல் 12 வாரம் பயிற்சி தருகிற மூத்தவர் ஒருவர் இருப்பார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். ஊர் மாறலாம், ஆள் மாறலாம், இரண்டுமே மாறாமலும் போகலாம். அந்நியர் ஒருவரோடு 24 மணி நேரமும் ஒரே அறையில் இருப்பது, கதவு அறைந்து சாத்தப்படுவதைவிடக் கடினம். பாத்திரம் கழுவாமல் போட்டுவைப்பது, காலையில் பத்து நிமிடம் அதிகம் தூங்குவது என்று சில்லறை விஷயத்தில்தான் சண்டை வரும். அதற்காகவே வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து மனதில் உள்ளதைப் பேச ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை ஒப்புக்கு நடத்துகிற ஜோடிக்குள் மூன்றாம் வாரமே பேச்சு நின்றுவிடும்.

மொழிக்கு வருவோம். கிளம்பும் முன் பயிற்சி மையத்தில் (பெரியது யூட்டாவின் ப்ரோவோவில்) ஆறு முதல் ஒன்பது வாரம் மொழி சொல்லித் தருவார்கள். ஜப்பானிய மொழி அதிக வாரம் எடுக்கும் மொழிகளின் பட்டியலில் வரும். ஜெபிக்கவும் சாட்சி சொல்லவும் அது போதும். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பாட்டி பேசினால் புரியாது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பையனுக்கு முதல் முட்டுக்கட்டை நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலேயே தாண்டிவிடுகிற குறில் நெடில். 'ஒபசன்' என்றால் அத்தை வயதுப் பெண், 'ஒபாசன்' என்றால் பாட்டி. நாற்பது வயதுப் பெண்மணி கதவைத் திறக்கும்போது ஒரு மாத்திரை கூடிப்போனால் அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது. மரியாதைச் சொற்கள் அடுத்த தடை. நீ, நீங்கள் வேறுபாட்டோடு வளர்ந்தவருக்கு அது எதற்கென்றாவது புரியும்.

ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றிப் பேசுகிறவர் ஆறு மாதத்துக்குப் பிறகும் அங்கேயே நிற்பார். தினம் ஐந்து முழு வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகி, அன்று மாலையே யாரிடமாவது பேசிப் பார்ப்பவர் தேறிவிடுவார்.

பாடங்களுக்கு 2004இல் வந்த கையேடுதான் அடிப்படை. 2023இல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். முதல் பாடம் சுவிசேஷத்தின் மறுஸ்தாபிதம்: கடவுள் தீர்க்கதரிசிகளை அனுப்பினார், கிறிஸ்து சபையை நிறுவினார், அது பின்னால் வழிதவறிப் போனது, 1820இல் ஜோசப் ஸ்மித்துக்குத் தரிசனம் கிடைத்தது, 1830இல் மார்மன் புஸ்தகம் வெளிவந்து சபை நிறுவப்பட்டது. இரண்டாவது இரட்சிப்பின் திட்டம்: பிறப்புக்கு முன் எங்கிருந்தோம், இறந்தபின் எங்கே போவோம். மூன்றாவது விசுவாசம், மனந்திரும்புதல், ஞானஸ்நானம், பரிசுத்த ஆவியின் வரம். அடுத்துக் கட்டளைகள். ஒரு பாடத்துக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி. அதைத் தாண்டினால் கேட்பவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்.

ஜப்பானில் இந்த வரிசையை அப்படியே பின்பற்றுவது பெரிய தவறு. சபை வழிதவறிப் போனது, மறுபடி நிறுவப்பட்டது என்றால், கேட்பவருக்கு முதலில் எது இருந்ததென்றே தெரியாது. 'காமி' (கடவுள்) என்று சொன்னால் ஷின்டோ கோயிலின் எண்ணற்ற தெய்வங்கள்தான் அவர் மனதில் வரும். பழகியவர்கள் ஜெபத்திலிருந்து தொடங்குவார்கள். நான்கு படி: 'தென் நோ ஒதோசாமா' (பரலோகத் தகப்பனே) என்று அழைப்பது, நன்றி சொல்வது, வேண்டியதைக் கேட்பது, இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் முடிப்பது. நான்கையும் ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, அங்கேயே ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரிய வேண்டும். இருபது நொடி அமைதியைத் தாங்க முடியாமல் எடுத்துக்கொடுக்கிற பையன், கேட்பவரின் முதல் ஜெபத்தைத் தானே ஜெபித்துவிடுகிறான்.

இருவரும் மாறி மாறிப் பேச வேண்டும். மொழி வராதவருக்கு ஒரே ஒரு பகுதியைக் கொடுப்பார்கள், பெரும்பாலும் ஜோசப் ஸ்மித்தின் தரிசனம். மனப்பாடமாக அழகாகச் சொல்லிவிடுவார். நடுவில் ஒரு கேள்வி வந்தால் இழை அறுந்துவிடும். காலைக் கூட்டுப் படிப்பில் ஒருவர் கேட்பவராக நடித்து, குறுக்குக் கேள்வி போட்டுப் பழகுவது இதற்காகத்தான்.

பாடம் முடியும்போது ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். 'படித்துப் பாருங்கள்' என்று சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள். 'மார்மன் புஸ்தகத்தில் 3 நேபி 11ஆம் அதிகாரம், வியாழன் இரவுக்குள், வெள்ளிக்கிழமை போன் செய்கிறோம்' என்றால் பாதிப் பேராவது திறந்து பார்ப்பார்கள். அடுத்த சந்திப்பின் நாளைக் குறிக்காமல் எழுந்துவந்தால் அந்த ஆளை மறந்துவிடலாம். இன்னொன்று: 'கங்காஎதே ஒகிமாஸ்' என்ற பதிலுக்கு நேர்ப்பொருள் 'யோசித்து வைக்கிறேன்'. பெரும்பாலும் அது பண்பாகச் சொன்ன 'வேண்டாம்'. நம் ஊரில் 'பார்க்கலாம்' என்பதைப் போல. புதியவர்கள் அப்படிச் சொன்னவரை நம்பிக்கைக்குரிய ஆள் என்று போன் செயலியில் குறித்துவைத்து, ஆறு வாரம் துரத்துவார்கள்.

கட்டளைகளில் மது, புகையிலையைவிட அங்கே சிக்கலாவது தேநீர். காபியும் தேயிலைத் தேநீரும் கூடாது. பச்சைத் தேநீரும் தேயிலைதான் என்று 2019இல் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். ஆனால் விருந்தாளிக்கு ஜப்பானியர் முதலில் நீட்டுவதே அதைத்தான். உட்கார்ந்ததும் 'முகிச்சா இருந்தால் போதும்' என்று கேட்டுவிடுவது நல்லது. அது வறுத்த பார்லியில் போடுவது, தேயிலை இல்லை, எந்த வீட்டிலும் கோடையில் குளிர்பெட்டியில் இருக்கும். ஊற்றிக் கொடுத்தபின் மறுத்தால் வீட்டம்மாவுக்கு முகம் வாடும்.

இரண்டாம் பாடத்தில்தான் உண்மையான ஆர்வம் பிறக்கும், கேள்வியும் எழும். முன்னோர் மாடம், குடும்பக் கல்லறை, முன்னோருக்குச் செய்யும் ஒபோன் சடங்கு எல்லாம் என்னாவது என்று மூத்த மகன்கள் கேட்பார்கள். இறந்துபோன முன்னோருக்காக ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறுவது இந்தச் சபையின் வழக்கம் என்பதால், முன்னோர் மதிப்பிலிருந்து பேச்சைத் தொடங்க இடம் இருக்கிறது. முன்னோர் மாடத்தைத் தூக்கி எறியச் சொல்லும் தொனியில் பேசினால் வீட்டுப் பெரியவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஞானஸ்நானத்துக்கு முன் பல ஞாயிறு ஆராதனைக்கு வந்திருக்க வேண்டும், கட்டளைகளை ஏற்க வேண்டும், கற்பித்தவர் அல்லாத ஒரு பொறுப்பாளர் நேர்காணல் செய்வார். சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். எட்டு வயதுக்குக் குறைந்தவருக்குக் கிடையாது. ஆளை முழுதாக முக்கி எடுக்கும் தொட்டி நிரம்ப நேரம் பிடிக்கும், முன்கூட்டியே குழாயைத் திறக்க வேண்டும். வெள்ளுடை நனைந்தால் உடல் தெரியாத கனமான துணியாக இருக்க வேண்டும். ஜெபத்தின் சொற்கள் வரையறுக்கப்பட்டவை. ஒரு சொல் மாறினால் மறுபடி. இரண்டு சாட்சிகள் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள். முடியோ, துணி நுனியோ, கால் விரலோ மேலே மிதந்தால் மறுபடி. சாய்க்கும்போது கால் மேலே வந்துவிடுவதுதான் வழக்கமான பிழை. முழங்காலை மடக்கச் சொல்லி, தண்ணீரில் இறங்கும் முன் தரையில் ஒருமுறை ஒத்திகை பார்த்தால் போதும்.

வீட்டு விஷயத்தில் மூன்று. மெத்தையைத் தினமும் சுருட்டி எடுக்காவிட்டால் தத்தாமிப் பாயில் பூஞ்சை பிடிக்கும். எரியும் குப்பை, பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் தனித்தனி நாள். மாற்றி வைத்தால் பக்கத்து வீட்டார் புகார் செய்வார்கள், அதோடு அந்தத் தெருவில் பெயரும் கெடும். மூன்றாவது சைக்கிள். முன்பிருந்தவர் விட்டுப்போனதை ஓட்டுகிறவர் பதிவுப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் போலீஸ் நிறுத்தும்போது அது திருட்டு சைக்கிள் இல்லை என்று அரைகுறை ஜப்பானியத்தில் நிரூபிக்க வேண்டி வரும். குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் குற்றம், மழைக்கோட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள், மாலை ஆறு வரை சொந்த வேலைக்கு. துணி துவைப்பது, மளிகை, முடிவெட்டு எல்லாம் அன்றுதான். முன்பெல்லாம் வீட்டுக்கு வருடத்தில் இரண்டு முறைதான் பேசலாம், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். 2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் பேசலாம். ஜப்பானில் திங்கள் காலை ஒன்பது என்றால் யூட்டாவில் ஞாயிறு மாலை ஐந்து, கோடையில் ஆறு. வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரம். அதனால் அந்த ஒன்பது மணிக்கு முன் துணியை மெஷினில் போட்டுவிடுகிற பழக்கம் சீக்கிரமே வந்துவிடும்.